கதையைக் கேட்பதற்கு முன்: வடக்கு, கிழக்கில் உளவளத்துணைப் பயிற்சிநெறிகளை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடவிதானக் குழுவினருக்கும், பயிற்சிநெறி இணைப்பாளர்களுக்கும், வளவாளர்களுக்கும்,

வணக்கம். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் உளவளத்துணைக்கான டிப்ளோமா நெறிகளையும் குறுங்காலச் சான்றிதழ் நெறிகளையும் வடிவமைத்து நடத்துகின்ற உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். குறிப்பிட்ட நிறுவனம் எதையும் சுட்டும் எண்ணம் எனக்கில்லை. கீழே குறைகளாகச் சொல்பவற்றுள் பெரும்பாலானவற்றை, உங்கள் அழைப்பின்பேரில் வளவாளராக வந்து நின்ற வேளைகளில், நானே செய்திருக்கிறேன் என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐந்து நாள் செயலமர்வொன்றில் உதவிப் பயிற்றுநராக இருந்தேன். இரண்டாம் நாள் மதிய உணவுக்குப் பின், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய், அதாவது கொடிய நிகழ்வொன்று முடிந்தபின்னும் மனத்தை விடாத பாதிப்பு, பற்றிய பாடம். வெளியிலிருந்து வந்திருந்த வளவாளர், பயிலுநர்கள் தூங்கி விழாமல் இருக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், போர்க்காலக் காணொளி ஒன்றை ஒலியைக் கூட்டித் திரையிட்டார். கிபிர்ப் போர்விமானம் பதிந்து வரும் இரைச்சல் எழுந்த கணத்தில், பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கதிரையிலிருந்து வழுகி இறங்கி, மேசைக்கடியில் குப்புறப் படுத்துக் காதுகளைப் பொத்திக்கொண்டார். காணொளி நிறுத்தப்பட்டது. தண்ணீர் கொடுத்தோம். சிறிது நேரத்தில் அவர் எழுந்து உடுப்பைச் சரிசெய்துகொண்டு, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். வளவாளர் வகுப்பை நோக்கி, “நீங்கள் இப்போது கண்டதுதான் மீளனுபவித்தல்”, அதாவது பழைய கொடுமை இப்போதே நடப்பதுபோல் திரும்ப வருதல், என்றார். முப்பது பேரும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். நானும் ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

அந்தப் பெண் 2009இல் 11 வயதுப் பிள்ளை. மனவடு பற்றிய பரீட்சை வினாவுக்கு நல்ல புள்ளி எடுத்தார், சான்றிதழும் பெற்றார், ஆனால் உளவளத்துணைப் பணிக்கு வரவில்லை. இப்போது ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். அவருடைய அனுமதியைக் கேட்டுப் பெற்றபின்பே இதை இங்கே எழுதுகிறேன்.

நமது நெறிகள் வெளியே சொல்லாத ஒரு கற்பனையின் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. மனவடுவுக்கு உள்ளானவர் எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கிறார், அவருக்கு உதவப் போகிறவர் வகுப்பறையில் இருக்கிறார், இருவருக்கும் இடையில் ஒரு சுவர் இருக்கிறது என்பதே அக்கற்பனை. உலகின் வேறு சில இடங்களில் அந்தச் சுவர் ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். நம்மிடம் பயில வருகிறவர்களோ வன்னியில் போரின் கடைசி மாதங்களைப் பாடசாலைப் பிள்ளைகளாகக் கடந்தவர்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் நடந்த தாய்மாரின் பிள்ளைகள். 2004 டிசம்பர் 26இல் கிழக்குக் கரையில் உறவுகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒரே வகுப்பறையில் இவர்கள் அடுத்தடுத்த கதிரைகளில் இருக்கிறார்கள். ஒருவருடைய இழப்பின் கதையில் மற்றவருடைய அண்ணன் எந்தப் பக்கத்தில் நின்றான் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வாய் திறப்பதில்லை.

இப்படிப்பட்ட வகுப்பில் நாம் முதல் நாளே செய்வது என்ன? வட்டமாக அமரவைத்து, வாழ்க்கையில் அனுபவித்த மிகப் பெரிய இழப்பைப் பகிரச் சொல்கிறோம். பகிராதவரை “இன்னும் திறக்கவில்லை” என்று மதிப்பிடுகிறோம். அழுதவரின் முதுகை ஒருவர் தடவிக்கொடுக்க, அடுத்தவரிடம் போகிறோம், நேரசூசியில் தேநீர் இடைவேளை நெருங்கிவிட்டதால். முப்பது பேரின் கதைகளையும் கேட்ட களைப்போடு அவர்கள் பேருந்தேறி வீடு போகிறார்கள். அன்றிரவு அவர்களில் எத்தனை பேர் உறங்கினார்கள் என்று நாம் ஒருபோதும் கேட்டதில்லை.

இதில் ஒரு வினோதமும் உண்டு. பேரிடருக்கு ஆளானவர்களை உடனடியாக ஒன்றுகூட்டி நடந்ததை விவரிக்கச் செய்யும் முறையை, 1983இல் ஜெஃப்ரி மிச்செல் என்பவர், தீயணைப்புப் படையினர் போன்ற அவசர சேவைப் பணியாளர்களை மனத்தில் வைத்து முன்வைத்தார். பின்னர் அது எல்லா வகை மக்களுக்கும் எல்லா வகைப் பேரிடருக்கும் பரவியது. ஒரே அமர்வில் முடியும் இத்தகைய விவரிப்பு மனவடு நோயைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்கு நிலைமையை மோசமாக்கவும் கூடும் என்றும் பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு 2002இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு காட்டியது. ஐ.நா.வும் பிற மனிதாபிமான அமைப்புகளும் சேர்ந்த நிறுவனங்களுக்கு இடையிலான நிலையியற் குழுவின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டலும், உலக சுகாதார நிறுவனம் 2011இல் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் அந்த முறையிலிருந்து விலகி நின்றன. பார்த்தல், செவிமடுத்தல், இணைத்தல் என்று அக்கையேடு சொல்லும் மூன்று செயல்களுள் “சொல்ல வைத்தல்” கிடையாது. இவற்றையெல்லாம் நமது பயிலுநர்களுக்கு நாம் சரியாகவே கற்பிக்கிறோம். மக்களைக் கதை சொல்லும்படி வற்புறுத்தாதீர்கள் என்று மூன்றாம் நாள் திரையில் காட்டுகிறோம். அதே மக்களை முதல் நாள் வட்டமாக அமர்த்தி வற்புறுத்தியவர்கள் நாமே.

வகுப்பறை இத்தகைய பாடத்தால் குலையக்கூடும் என்பது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1984இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஷோஷனா ஃபெல்மன் என்ற இலக்கியப் பேராசிரியர், யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் வாக்குமூலக் காணொளிகளைத் தமது மாணவர்களுக்குக் காட்டியபோது வகுப்பே நிலைகுலைந்ததையும், அதைத் திரும்ப நிலைக்குக் கொண்டுவர அவர் பாடுபட்டதையும் பின்னர் எழுதியிருக்கிறார். அந்த மாணவர்களுள் பெரும்பாலோருக்கு அது பிறர் பட்ட துயரம். நம்மவர்களுக்கு அது சொந்தக் கதை.

இனிக் கோட்பாட்டுப் பகுதிக்கு வருகிறேன். மனவடு நோய் என்ற வரையறை 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய் வரையறைக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் துன்பமும், அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களின் விடாமுயற்சியும் அதற்குப் பின்னால் இருந்தன. அது உருவாக்கிய சித்திரத்தில் தனிமனிதர் ஒருவர், முடிந்துபோன ஒரு நிகழ்வு, பாதுகாப்பான ஊருக்குத் திரும்பியபின்னும் விடாத நினைவு என்ற மூன்றும் உண்டு. நமது பாடக்குறிப்புகள் இன்னும் இந்தச் சித்திரத்திலேயே நிற்கின்றன. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச நோய்ப் பகுப்பின் 11ஆம் பதிப்பு, நீடித்த, தப்ப முடியாத கொடுமைகளுக்கு ஆளானவர்களிடம் காணப்படும் சிக்கலான மனவடு நோயைத் தனியே அங்கீகரித்து, உணர்ச்சிகளை ஆளமுடியாமை, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், உறவுகளைப் பேணமுடியாமை ஆகிய மூன்றையும் அதன் பகுதியாக்கியது. தடுப்புக்காவலில் இருந்து வந்த கணவன் ஏன் பிள்ளைகளோடு ஒட்டுவதில்லை என்று ஒரு மனைவி கேட்கும்போது, பயிலுநருக்குப் பயன்படக்கூடிய பக்கம் அதுவே. அந்தப் பக்கம் இல்லாத கையேடுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

அதைவிட முக்கியமானது ஓர் எண்ணிக்கை. போர் முடிந்த சில மாதங்களில், 2009 யூலைக்கும் செப்ரெம்பருக்கும் இடையில், யாழ் மாவட்டத்தில் 1,500க்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடத்தப்பட்டு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வில், மனவடு நோயின் அறிகுறிகள் 7 சதவீதத்தினரிடமும், பதகளிப்பு, அதாவது ஓயாத பதற்றம், 32.6 சதவீதத்தினரிடமும், மனச்சோர்வு 22.2 சதவீதத்தினரிடமும் காணப்பட்டன. போர் ஓய்ந்து ஐந்து மாதங்கூட ஆகாத காலத்தில், நாம் அதிக மணிநேரம் ஒதுக்கும் நோய் மூன்றிலும் குறைவாகவே இருந்திருக்கிறது. 7 சதவீதம் சிறிய தொகை என்று சொல்ல வரவில்லை. பதகளிப்போடும் மனச்சோர்வோடும் வரும் பெருந்தொகையானவர்களை வரவேற்கப் பழகாமல், தாம் படித்த நோய் வந்து வாசலில் நிற்கும் என்று காத்திருக்கும்படி நமது பயிலுநர்களை அனுப்புகிறோம் என்பதே என் கவலை.

அவர்களிடம் வருகிறவர்கள் சொல்வதையும் கேளுங்கள். “நுண்கடன்காரன் வாசலில நிற்கிறான்.” “அவர் பின்னேரமானால் குடிச்சுப்போட்டு வாறார்.” “காணி இன்னும் விடேல்லை.” உளவியலாளர்களான கென்னத் மில்லரும் அன்ட்ரூ ரஸ்முசனும் 2010இல் எழுதிய கட்டுரையொன்றில், போருக்குப் பின்னான அன்றாட நெருக்கடிகளே போரின் பாதிப்பில் ஒரு பெரும் பங்கை மனத்துக்குக் கடத்துகின்றன என்று வாதிட்டார்கள். நம் ஊரில் இதை நிறுவ ஆய்வு வேண்டியதில்லை. ஒரு கிழமை பிரதேச செயலகத்தின் விறாந்தையில் இருந்தால் போதும். ஆயினும் கடன் பற்றியும், குடும்ப வன்முறை பற்றிய சட்டம் பற்றியும், எந்த அலுவலகத்துக்கு எந்தப் படிவத்தோடு போகவேண்டும் என்பது பற்றியும் நமது மனவடுப் பாடத்தில் ஒரு மணிநேரமும் இல்லை.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக வலியுறுத்திவரும் கூட்டு மனவடு என்ற கருத்தை நம்மவர் எல்லோரும் ஒரு வரியில் மேற்கோள் காட்டுகிறோம், பிறகு தனிமனித அறிகுறிப் பட்டியலுக்குத் திரும்பிவிடுகிறோம். குடும்பமும் ஊரும் தம் பிணைப்பை இழந்து, நம்பிக்கை அற்று, மௌனமும் சந்தேகமும் பழக்கமாகிப்போவதை அவர் விவரித்தார். அதைக் கற்பிப்பதென்றால் பயிலுநர்களை ஒரு கிராமத்துக்கு அழைத்துச் சென்று, கோயில் திருவிழா திரும்பத் தொடங்கியதா, செத்தவீட்டுக்கு அயலவர் வருகிறார்களா, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் யார் பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்று பார்க்கப் பழக்கவேண்டும். அது திரையில் காட்டக்கூடிய பாடமன்று.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நெருக்கீடு, மனவடு, மீளனுபவித்தல், தவிர்த்தல் என்ற கலைச்சொற்களை ஆக்கித் தந்த நம் முன்னோடிகளுக்கு நன்றியுடையவன் நான். ஆனால் துணைநாடி, அதாவது நம்மிடம் உதவி தேடி வருபவர், வரும்போது “எனக்கு மீளனுபவித்தல் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “யோசனை கூட” என்கிறார், “தலைக்குள்ள விறைக்குது” என்கிறார், “பிள்ளை ஏங்கிப்போட்டுது” என்கிறார், பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார். உடம்பெல்லாம் நோவென்று ஆஸ்பத்திரிக்குப் பலமுறை போய் வந்திருக்கிறார். பயந்து ஏங்கிப்போன பிள்ளைக்குப் பார்வை பார்த்து நூல் கட்டிய பாட்டியை மூடநம்பிக்கைக்காரியாக்காமல், அந்தச் சொல்லிலிருந்தே உரையாடலைத் தொடங்கப் பயிலுநருக்குத் தெரியவேண்டும். கலைச்சொல்லிலிருந்து பேச்சுவழக்குக்கு மொழிபெயர்க்கும் பயிற்சியைப் பாடவிதானத்தில் எங்கும் நான் காணவில்லை. பரீட்சையிலோ எதிர்த்திசை மட்டுமே கேட்கப்படுகிறது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். நமது கற்பித்தலின் குறை மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் அது. என் மேற்பார்வையில் இருந்த, மிகுந்த அக்கறையுள்ள இளம் உளவளத்துணையாளர் ஒருவர், மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாயைச் சந்தித்தார். நெறியில் துக்கத்தின் ஐந்து கட்டங்களைப் படித்திருந்தார்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. தாய் மறுப்புக் கட்டத்தில் நிற்கிறார் என்று முடிவு செய்து, மூன்றாவது சந்திப்பில், மெல்ல, மிக மரியாதையாகவே, “அம்மா, இனி ஏற்றுக்கொள்ளத்தானே வேணும்” என்றார். அம்மா எழுந்து போனார். பிறகு வரவில்லை. அந்த இளைஞரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை, ஏனெனில் அந்த ஐந்து கட்டங்களையும் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். உளமருத்துவர் எலிசபெத் கூப்ளர் றொஸ் அவற்றை 1969இல் எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசியதன் அடிப்படையில் என்பதை அன்று நான் சொல்லவில்லை.

அந்தத் தாய்க்குப் பொருந்தக்கூடிய சிந்தனை வேறு. வியட்நாமில் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராயத் தொடங்கிய போலின் பொஸ், தெளிவற்ற இழப்பு என்ற கருத்தை உருவாக்கினார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத நிலையில் துக்கம் முடிவுக்கு வராததற்குக் காரணம் வெளியே இருக்கிறது, அந்த மனிதரின் மனத்தில் நோயாக இல்லை என்பது அதன் சாரம். இதை நம் ஊருக்குள் கொண்டுவந்து பாருங்கள். ஆடி அமாவாசை வருகிறது. தகப்பனை இழந்த ஆண்பிள்ளை விரதம் பிடித்துக் கீரிமலைக்குப் போகவேண்டும். தகப்பன் கைதாகி அல்லது சரணடைந்து திரும்பாதவன் என்றால், 17 வயது மகன் விரதம் பிடிப்பதா, விடுவதா? பிடித்தால், தகப்பன் செத்துவிட்டார் என்று அந்த வீடு தன் வாயாலேயே சொன்னதாகிறது. பிடிக்காவிட்டால், ஒருவேளை அவர் இறந்திருந்தால், செய்யவேண்டிய கடனைச் செய்யாத பிள்ளை ஆகிறான். தாய் குங்குமப் பொட்டை வைத்துக்கொண்டு கலியாணவீட்டுக்குப் போனாலும் பார்வைகள், வைக்காமல் போனாலும் பார்வைகள். இறந்தவருக்குச் செய்யும் நிறைவுக் கிரியையான அந்தியேட்டி இல்லாத வீட்டில் துக்கத்துக்கு நாட்கணக்குக் கிடையாது.

அரசின் பக்கத்தில், 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் பெறும் வழி திறக்கப்பட்டது. அதே ஆண்டு காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறியது. மறுபக்கத்தில், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவினர்கள் வீதியோரத்தில் அமர்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுகளைக் கடந்தது. அந்தக் கொட்டகைக்குள் ஒரு தாய் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு இருப்பதை “ஏற்பின்மை” என்று எழுதும் உளவளத்துணையாளருக்கும், “தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்திருக்கும் இடம்” என்று எழுதும் உளவளத்துணையாளருக்கும் உள்ள வேறுபாடு நாம் வகுப்பில் எதைக் கற்பித்தோம் என்பதிலேயே இருக்கிறது. நீதியும் உண்மையும் கேட்டு நிற்கும் ஒருவருக்கு மூச்சுப் பயிற்சியைப் பதிலாகக் கொடுப்பது அவமதிப்பு என்பதைப் பயிலுநருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

கதை சொல்வதையே நான் எதிர்ப்பதாக நினைத்துவிடவேண்டாம். ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களின் பின், வடகிழக்கின் முகாமொன்றில், 31 பிள்ளைகளோடு கிளோடியா கற்றானியும் குழுவினரும் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இருக்கிறது. ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு விவரிப்புவழிச் சிகிச்சை, மறு பகுதியினருக்குத் தியானமும் உடல் தளர்வும், இரண்டும் ஆறு அமர்வுகள். விவரிப்புவழிச் சிகிச்சையில் கயிறொன்று வாழ்க்கைக் கோடாகும். நல்ல நிகழ்வுகளுக்குப் பூக்களும் கொடிய நிகழ்வுகளுக்குக் கற்களும் வைக்கப்பட்டு, கதை பிறப்பிலிருந்து இன்று வரை ஒழுங்காகச் சொல்லப்படும். ஆறு மாதத்தின் பின் முதற் பகுதியில் 81 சதவீதத்தினரும் மறு பகுதியில் 71 சதவீதத்தினரும் மீண்டிருந்தனர். இத்தனை சிறிய ஆய்வில் இந்த இடைவெளியைக்கொண்டு ஒன்று மற்றதைவிடச் சிறந்ததென்று சொல்ல முடியாது. சிகிச்சையே பெறாத குழு ஒன்று இல்லாததால், காலமே குணமாக்கிய பங்கு எவ்வளவு என்றும் பிரித்தறிய முடியாது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, இரண்டையும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள் என்பது. நம்மவரால் இது முடியும். ஒரே பிள்ளையோடு, தெரிந்த ஒரே ஆள், தொடர்ச்சியாக ஆறு தடவை, தொடக்கமும் முடிவும் உள்ள ஒழுங்கில் அமர்ந்தால் முடியும். முப்பது பேர் வட்டத்தில் ஆளுக்கு ஏழு நிமிடம் என்ற கணக்கில் முடியாது. இந்த ஆய்வறிக்கையைத் தமிழில் சுருக்கி, அதன் பலத்தையும் பலவீனத்தையும் பயிலுநர்களே கண்டுபிடிக்கும்படி ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். அறிகுறிப் பட்டியலை மனனம் செய்வதைவிட அது பயன்தரும்.

உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் மீட்சியை மூன்று கட்டங்களாக விவரித்தார்: பாதுகாப்பு, நினைவுகூர்தலும் துக்கித்தலும், மீண்டும் வாழ்வோடு இணைதல். இதைப் பயிலுநர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நமது நெறியின் வரிசைக்கே இதைப் பொருத்தும்படி கேட்கிறேன். முதல் இரண்டு வாரங்கள் கதை எதுவும் வேண்டாம். தன் உடல் எப்போது இறுகுகிறது, எப்போது உணர்வற்று மரத்துப்போகிறது என்பதை அவரவர் கவனிக்கப் பழகட்டும். மற்றவரை நிறுத்தப் பழகட்டும். நிறுத்துவது என்பதைச் சற்று விளக்கவேண்டும். நாம் “மேலும் சொல்லுங்கள்” என்று கேட்க மட்டுமே பழக்குகிறோம். துணைநாடி கதைக்குள் இழுபட்டு, கண் ஒரே இடத்தில் குத்தி, மூச்சு மேலோங்கி, குரல் வேறாகும் கணத்தில், “அம்மா, இந்த இடத்தில கொஞ்சம் நிற்பம். கால் நிலத்தில படுதா? இந்த அறையில இப்ப என்ன சத்தம் கேட்குது?” என்று கேட்டு அவரை இன்றைக்குக் கொண்டுவருவது தனிக் கலை. அதைச் செய்து காட்டி, ஒவ்வொருவரும் இருபது தடவையாவது செய்து பார்த்தபின்னரே கோட்பாட்டின் மற்றப் பகுதிகளுக்குப் போகவேண்டும்.

செய்முறைப் பயிற்சிக்கு மூவர் கொண்ட குழு போதும்: ஒருவர் உளவளத்துணையாளர், ஒருவர் துணைநாடி, ஒருவர் அவதானிப்பாளர். துணைநாடியாக நடிப்பவர் தன் சொந்தக் கதையைக் கொண்டுவரக்கூடாது என்பது உறுதியான விதியாக இருக்கட்டும். பயிற்றுநர் எழுதிக் கொடுத்த பாத்திரத்தையே ஏற்கட்டும். அவதானிப்பாளரிடம் குறித்துக்கொள்ளும் தாள் இருக்கட்டும். நேபாளத்தில் பிரண்டன் கோர்ட்டும் குழுவினரும் உருவாக்கி 2015இல் வெளியிட்ட, நடிப்புச் சந்திப்பைப் பார்த்துத் திறனை மதிப்பிடும் கருவி போன்ற ஒன்றை நமது மொழிக்கும் நிலத்துக்கும் ஏற்ப ஆக்கிக்கொள்ளலாம். “மனவடு நோயின் அறிகுறிகளை விளக்குக, 20 புள்ளிகள்” என்ற வினாவை அதன்பின் நீங்களே நீக்கிவிடுவீர்கள்.

அறையைப் பற்றியும் யாரும் கற்பிப்பதில்லை. நான் கண்ட உளவளத்துணை அறைகளுள் பல, இடுப்பளவு பலகையால் மறிக்கப்பட்ட மூலைகள். மறுபக்கத்தில் அரசின் சமுர்த்தி உதவிக் கொடுப்பனவுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். சித்திரவதைக்கு உள்ளான ஒருவருக்குக் கதவு அவருடைய பார்வையில் இருக்கவேண்டும், முதுகுக்குப் பின்னால் இருக்கக்கூடாது. கண்களை மூடச் சொல்வது பலருக்கு இதமானது, கண் கட்டப்பட்டிருந்த ஒருவருக்கு அது வேறொன்று. பேனையையும் பதிவேட்டையும் எடுத்தவுடன் பெயர், முகவரி, குடும்ப விபரம் என்று கேட்பது, பதிவு என்ற சொல்லோடு நம் மக்களுக்கு இருக்கும் வரலாற்றை அறியாதவர் செய்யும் காரியம். அந்தப் பதிவேடு எந்த அலுமாரியில் பூட்டப்படும், திறப்பு யாரிடம் இருக்கும் என்று துணைநாடி கேட்கமாட்டார். அவர் கேளாமலே நாம் சொல்லவேண்டும்.

கடைசியாக, எல்லாவற்றினும் பாரமானது. உளவியலாளர்களான மக்கானும் பேர்ள்மனும் 1990இல் விவரித்த பதிலீட்டு மனவடுவை, அதாவது பிறர் துயரைத் தொடர்ந்து கேட்பவருக்கு உலகைப் பற்றிய பார்வையே மாறிப்போவதை, நாம் கடைசி நாள் கடைசி மணிநேரத்தில், “உங்களையும் கவனித்துக்கொள்ளுங்கள்” என்ற தலைப்பில், யோகாசனப் படம் ஒன்றோடு முடித்துவிடுகிறோம். தன்னைத் தானே கவனிப்பது நல்லது. ஆனால் தனியொருவராக ஒரு பிரதேசம் முழுவதற்கும் நியமிக்கப்பட்டு, பொது வைபவங்களுக்குக் கதிரை அடுக்கும் வேலையும் தலையில் விழுந்து, கேட்டதை யாரிடமும் சொல்ல முடியாமல் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் ஒருவருக்கு வேண்டியது மேற்பார்வையாளர் ஒருவர். மாதம் இருமுறை, மூத்த ஒருவரோடு, தான் செய்ததை வெட்கமின்றி எடுத்துவைத்துப் பேசும் இரண்டு மணிநேரம். அந்தத் தாயிடம் “ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று சொன்ன இளைஞர் அதை என்னிடம் வந்து சொல்ல ஓர் இடம் இருந்ததால்தான் அடுத்த தாயிடம் அதைச் சொல்லவில்லை.

ஆகவே, சான்றிதழை வகுப்பு முடியும் நாளில் கொடுக்காமல், களத்தில் ஓராண்டு மேற்பார்வை முடிந்தபின் கொடுங்கள் என்று கேட்கிறேன். இதற்குப் பணம் வேண்டும் என்பது தெரியும். நன்கொடையாளர்கள் பயிற்றப்பட்டோரின் தலைக்கணக்கைக் கேட்கிறார்கள், மேற்பார்வை மணிநேரங்களுக்கு அவர்களுடைய படிவத்தில் நிரலே இல்லை என்பதும் தெரியும். அந்த நிரலைச் சேர்க்கும்படி கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். நூறு பேரைப் பயிற்றி விடுவதற்குப் பதில் இருபத்தைந்து பேரைப் பயிற்றி ஓராண்டு உடன் நடப்பதென்றால், எண்ணிக்கை குறைந்த அறிக்கையில் கையெழுத்திட நானும் உங்களோடு வருகிறேன்.

முதல் இரண்டு வாரங்களுக்கான பாடத்திட்ட வரைவொன்றை எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் குழு கூடும் எந்த நாளிலும் கொண்டுவந்து தரமுடியும். மேசைக்கடியில் படுத்த அந்தப் பெண்ணிடம் அதைக் கடந்த மாதம் வாசிக்கக் கொடுத்தேன். கடையின் பின்பக்கத்தில் நின்றபடியே முழுவதையும் வாசித்துவிட்டு, ஒரேயொரு திருத்தம் சொன்னார்: எந்த நாளில் எந்தப் பாடம் வருகிறது என்பதை முதல் நாளே எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கவேண்டும், கதவுக்குக் கிட்ட இருக்கும் கதிரையை அன்றன்று வேண்டியவர் எடுத்துக்கொள்ள விடவேண்டும். அதை வரைவின் முதற் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வன்னியில் பணியாற்றும் உளவளத்துணைப் பயிற்றுநர் ஒருவர்